குழாய் முனியாண்டி

ஏழாம் அத்தியாயம்

ஆஸ்டின் காரின் ஹாரன் எப்போதோ செத்துவிட்டது. அந்த வேலையைக் காரை ஓட்டிவந்த பஞ்சாலையின் தொண்டை ஏற்றுக்கொண்டிருந்தது. பாரோய் தாண்டி ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குள் வளைகிற செம்மண் சாலையின் நடுவே ஒரு செவலைக் காளை நின்று அசைபோடுவதைக் கண்டதும், ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். காளை அசையவில்லை. பக்கத்து இருக்கையில் கண்மூடிக் கிடந்த சோலையப்பன்தான் துள்ளி எழுந்தார்.

"தூங்குறதுக்கு லோபாக் ஆபீஸ் போதாதா முதலாளி? அங்க ஃபேன்கூட இருக்கு லா."

"தூங்கலை. யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"யோசனைக்கும் கொறட்டை வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

சோலையப்பன் சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை. பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி எழுதுவான் என்று நம்பிய குடும்பத்தை ஏமாற்றிவிட்டு, ஊரார் வீட்டு மர்மங்களைக் கிளறுவதைத் தொழிலாக்கிக்கொண்டவர். லோபாக்கில் துணிக்கடை மாடியில் அவருக்கு ஓர் ஆபீஸ், ஆபீஸுக்கு ஒரு டைப்ரைட்டர், டைப்ரைட்டருக்கு ஒரு பஞ்சாலை. டைப் அடிக்க வந்தவள் இப்போது கார் ஓட்டுகிறாள், ஆட்களை விசாரிக்கிறாள், முதலாளியையும் சேர்த்து மேய்க்கிறாள். அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் ஒரு முறைதான் எடுத்தார்கள்.

"அது எங்க செவலதாங்கக்கா. திட்டாதீங்க. கால்வீக்கம் இன்னும் முழுசா வத்தல" என்றாள் பின்சீட்டிலிருந்த மங்கம்மா.

நிறைமாதக்காரி. பாரோய் வரைக்கும் அழுதுகொண்டு வந்தவள், அதற்குமேல் அழத் தெம்பில்லாமல் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அவள் புருஷன் மாயாண்டி இந்தத் தோட்டத்து மாட்டுவண்டிக்காரன். போலீஸ் லாக்கப்பில் இருந்தான். நாளைக் காலை அவனுடைய ஃபைல் கோலாலம்பூர் போகிறது. அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் அவனைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு வயதில் அந்த ஊரை விட்டு வந்தவனுக்கு அங்கே யாருமில்லை. இங்கேயே பிறந்த மங்கம்மாவுக்கோ அவனை விட்டால் யாருமில்லை.

குற்றம் அரிசி. அவசரகாலச் சட்டத்தில் கத்தியைக்கூட மன்னிப்பார்கள், அரிசியை மன்னிக்க மாட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டே வெளியே இழுப்பது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. ஆகவே ஜனங்கள் கம்பிவேலிக்குள் குடியிருந்தார்கள், சோறு பொதுச் சமையற்கட்டில் வெந்தது, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவன் பகல் சாப்பாட்டைக்கூடக் கொண்டுபோக முடியாது. இப்படிப்பட்ட காலத்தில் வேலிக்கு வெளியே, விடிகிற நேரத்தில், மடியில் பச்சரிசியோடு பிடிபட்டான் மாயாண்டி.

"எவ்வளவு அரிசி?" என்று கேட்டார் சோலையப்பன்.

"ரெண்டு கைப்பிடிங்கய்யா."

"காட்டுல இருக்கிறவன் குருவி மாதிரி சாப்புடுவான் போல" என்றாள் பஞ்சாலை.

"சாமிக்குப் படைக்கத்தான்க்கா கொண்டு போனாரு. செவல எந்திரிக்காமக் கெடந்துச்சு. குழாய் முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டு அரிசி போட்டா சரியாயிரும்னு நான்தான் அனுப்புனேன். போலீஸ்ல சொன்னா, முனியாண்டிங்கிறது எந்தக் கம்யூனிஸ்ட்டோட புனைபேருன்னு கேக்குறாங்க."

சோலையப்பன் திரும்பிப் பார்த்தார். "குழாய் முனியாண்டியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"புது சாமிங்க. போன தீபாவளிக்கு அப்புறம் வந்தது. ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி கனவுல வந்து, குழாயில எறங்கியிருக்கேன்னு சொல்லுச்சாம். அவருதான் பீடம் கட்டுனாரு. வெள்ளிக்கிழமையானா அவரே சாணி போட்டு மெழுகுவாரு, வேற ஆள் கையே வைக்கக் கூடாது."

"கிராணி கையால சாணியா!" பஞ்சாலை தோட்டத்தில் பிறந்தவள். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட ஆள் கூப்பிடும் கிராணிகளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். "முனி நெஜமாவே சக்தியுள்ளவர்தான்."

*

இலையுதிர் காலம். ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன, காய்ந்த சருகு காலடியில் நொறுங்கியது. மர வரிசைகளுக்கு நடுவே ஆங்காங்கே முழங்கால் உயரத்துக்கு அலுமினியக் குழாய்கள் தரையிலிருந்து எட்டிப் பார்த்தன. எல்லாம் வெறுங்குழாய். புகைக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒன்று மட்டும் சிவப்புத் துணி கட்டி, எலுமிச்சம்பழம் செருகி, சூலம் துணை நிற்க, மண் பீடத்தின் நடுவே கம்பீரமாக இருந்தது.

பீடத்துக்கு முன்னால் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் ஓரத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்த மரத்தைத் தாண்டி யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போவதில்லை என்று மங்கம்மா சொன்னாள். பஞ்சாலை முனகிக்கொண்டே தன் பாட்டா செருப்பைக் கழற்றினாள். சோலையப்பனும் கழற்றினார்.

மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டவர் இன்ஸ்பெக்டர் ஹாஷிம். தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்த மலாய்க்காரர், தமிழில் சரளமாகத் திட்டுவார்.

"உள்ள வாங்களேன் இன்ஸ்பெக்டர்" என்றார் சோலையப்பன்.

"வேணாம் லா செட்டியார். பூட்ஸ் கழட்ட நேரம் ஆகும். போட்டுக்கிட்டு வந்தா எங்கம்மா என்னைக் கொன்னுடும். அவங்கவங்க சாமி, அவங்கவங்க மரியாதை."

பீடத்துக்கருகே ஓர் இளைஞன் கால்சட்டையை மடித்துவிட்டு ஒரு பெட்டியின் முன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மண் ஆராய்ச்சிக்காரன் கணேசமூர்த்தி. அந்தக் குழாய்களையெல்லாம் புதைத்தவன் அவன்தான்.

"சார், இது முனி இல்ல சார். அலுமினியம்! யார்கிட்ட சொன்னாலும் கும்பிட்டுட்டுப் போறாங்க" என்று புலம்பினான். "அதுகூடப் பரவாயில்ல. இந்த ஒரு குழாய்ல மட்டும் மெஷினும் பைத்தியம் பிடிச்ச மாதிரி காட்டுது. மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு, தோட்டமே காஞ்சு கெடக்கு. இங்க மட்டும் அடியில வெள்ளமாம்!"

"மெஷின் என்ன செய்யுது?"

கணேசமூர்த்தி முகம் மலர்ந்தது. அவனிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை.

"கோலி விளையாடியிருக்கீங்களா? ஒரு கோலியைப் பாறையில அடிச்சா அதே வேகத்துல திரும்பி வரும். இன்னொரு கோலி மேல அடிச்சா வேகம் செத்துப் போயிரும், ஏன்னா ரெண்டும் ஒரே எடை. இந்தக் கம்பி நுனியில இருக்கிற மருந்து நியூட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத கோலிகளை விட்டுக்கிட்டே இருக்கு. மண்ணு, மணல், இரும்பு எல்லாம் அதுக்குப் பாறை. ஹைட்ரஜன் ஒண்ணுதான் அதே எடை. ஹைட்ரஜன்ல அடிபட்டு வேகம் செத்துத் திரும்பி வர்ற கோலியை மட்டும் மெஷின் எண்ணும். தண்ணியில ஹைட்ரஜன் இருக்கு. அதனால எண்ணிக்கை ஏறினா ஈரம்னு அர்த்தம்."

அவன் கம்பியை முனியாண்டிக் குழாய்க்குள் இறக்கினான். பெட்டி படபடவென்று பொரிந்தது. முள் வலதுகோடி வரை ஓடி நின்றது. வேலைக்குப் போகாமல் கூடியிருந்த ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது.

"அப்ப மெஷின் எண்ணுறது தண்ணியை இல்ல, ஹைட்ரஜனை" என்றார் சோலையப்பன் மெதுவாக. "வேற எதுல எல்லாம் அது இருக்கு?"

"நிறைய இருக்கு சார். எண்ணெய், மெழுகு, சர்க்கரை, அரிசி..."

சொன்ன பிறகுதான் அவன் நாக்கைக் கடித்தான். விழுந்த மரத்துக்கு அப்பால் ஹாஷிம் நிமிர்ந்துவிட்டார்.

"அரிசியா? அப்ப குழாயைச் சுத்தி அரிசி பொதைச்சிருக்கு! மாயாண்டி படைக்க வரலை, எடுக்க வந்திருக்கான். செட்டியார், உங்க கட்சிக்காரனை நீங்களே மாட்டிவிட்டுட்டீங்க. தேங்ஸ் லா!"

மங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சாலைக்கு முதல் முறையாக வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. முதலாளியைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. கேட்காமலே இருந்திருக்கக் கூடாதா?

தோண்டிப் பார்க்க மண்வெட்டி கொண்டுவரச் சொல்லி ஹாஷிம் ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் ஒரு சைக்கிள் சருகை நொறுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஸ்டோர் கிராணி அர்ச்சுனன். வெள்ளைக் கால்சட்டை, மினுமினுக்கும் கறுப்பு ஷூ, வேர்த்த முகம். யாரோ செய்தி சொல்லியிருக்க வேண்டும். விழுந்த மரத்தைத் தாண்டி நேராகப் பீடத்துக்கு வந்து, குழாயின் மேல் கைவைத்து நின்றார்.

"தோண்டுறேன்னீங்களாமே! சாமி காரியத்துல விளையாடாதீங்க இன்ஸ்பெக்டர். இங்க மண்வெட்டி விழுந்தா நாளைக்கு ஒரு ஆள் மரம் வெட்டப் போகமாட்டான். நான் சொல்லிட்டேன்."

ஜனம் ஆமாம் என்று முணுமுணுத்தது. ஹாஷிம் தன் கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். ஒருவன் வீட்டில் கைக்குழந்தை என்றான். இன்னொருவன் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

"அவசரமே வேணாம்" என்றார் சோலையப்பன். அவர் கண் எதையோ பார்த்துவிட்டுச் சட்டென்று விலகியதைப் பஞ்சாலை கவனித்தாள். "தோண்டாமலே உள்ள என்ன இருக்குன்னு மெஷினையே கேட்டுருவோம். பஞ்சாலை, முள் நிக்கிற எடத்துல ஒரு அடையாளம் வை."

பஞ்சாலை தன் நெற்றிச் சாந்தைத் தொட்டுக் கண்ணாடியின் மேல் பொட்டு வைத்தாள். "முனிக்கு நெத்தி இங்கதான் இருக்குன்னு வச்சுக்குவோம்."

*

ஹாஷிமின் ஜீப் பெட்டியையும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு பொதுச் சமையற்கட்டுக்குப் போனது. அங்கே அரிசிக்குதிருக்குக் காவலாக மயிலம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெரிய துரைக்கே அளந்துதான் சோறு போடுபவள். மெஷின் அரிசியைத் தின்னாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே மூடியைத் திறந்தாள்.

கணேசமூர்த்தி மிச்சமிருந்த வெறுங்குழாய் ஒன்றை அரிசிக்குள் குத்தி, கம்பியை இறக்கினான். பெட்டி பொரிந்தது. முள் ஏறியது, பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது, நின்றுவிட்டது. பொட்டு வெகு தூரத்தில் இருந்தது.

"மெஷின் பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார் ஹாஷிம்.

"இல்ல சார்" என்றான் கணேசமூர்த்தி. அவனுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது தெரிந்தது. "சுத்தி முழுக்க அரிசி. இதுக்கு மேல அரிசி வைக்க எடமே கிடையாது. முனி குழாயைச் சுத்தி இருக்கிறது அரிசியா இருந்தா முள் இங்கதான் நின்னிருக்கணும்."

மங்கம்மா ஒன்றும் புரியாமல் பஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள். பஞ்சாலை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே மழைநீர் பிடிக்கும் டிரம் ஒன்றில், கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அதில் இறக்கினார்கள். முள் சரசரவென்று ஓடிப் பொட்டுக்கு அடியில் போய் நின்றது.

"அப்ப தண்ணிதானா? கிணறா?" என்றார் ஹாஷிம்.

"மண்ணு எவ்வளவு நனைஞ்சாலும் வெறும் தண்ணி ஆகாது சார். பாதி எடத்தை மணல் அடைச்சுக்கும். அந்தக் குழாயைச் சுத்தி மண்ணே இல்ல. தண்ணி அளவுக்கு ஹைட்ரஜன் உள்ள வேற ஏதோ இருக்கு."

"தண்ணியும் இல்ல, அரிசியும் இல்ல" என்று சோலையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "இந்தத் தோட்டத்துல வேற என்ன வெளையுது?"

எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, தங்களைச் சுற்றி எட்டுத் திக்கிலும் நின்ற மொட்டை மரங்களைப் பார்த்தார்கள். கணேசமூர்த்தி பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ரப்பர்! ரப்பர்ல இருக்கிறதே கார்பனும் ஹைட்ரஜனும்தான். ரப்பர் தோட்டத்துல நின்னுக்கிட்டு ரப்பரை மறந்துட்டேனே!"

"விடுங்க தம்பி. எங்க முதலாளி மூக்குமேல கண்ணாடியை வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுவாரு" என்றாள் பஞ்சாலை. அவளுக்கு வாய் திரும்பிவிட்டது.

புகைக்கூடத்துச் சாவி அர்ச்சுனனிடம் இருந்தது. சட்டைப்பையில் தேடினார், கால்சட்டையில் தேடினார், வீட்டில் இருக்கிறதோ என்று யோசித்தார். கடைசியில் சாவி அவர் இடுப்பிலேயே தொங்குவதைப் பஞ்சாலை மரியாதையாகச் சுட்டிக்காட்டினாள். உள்ளே புகையில் பழுத்த ரப்பர் ஷீட்டுகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். குழாயைச் சுற்றி அவற்றை நெருக்கி வைத்துக் கம்பியை இறக்கினான் கணேசமூர்த்தி.

முள் பொட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

*

மறுபடியும் பீடம். இப்போது தோட்டமே அங்கே கூடியிருந்தது. ஹாஷிம் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று விழித்தார்.

"கிராணிகிட்டக் குடுங்க" என்றார் சோலையப்பன். "அவருக்குத்தான் முனி பயம் இல்லையே."

"என்ன சார் பேசுறீங்க? பீடம் கட்டுனவனே நான்தான்!"

"அதான். இந்த மரத்தைத் தாண்டி எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு வர்றாங்க. வேற மதத்துக்காரர் இன்ஸ்பெக்டர், அவர்கூட மரியாதைக்கு அந்தப் பக்கமே நிக்கிறாரு. கனவுல முனியைப் பாத்த நீங்க மட்டும் ஷூ காலோட வந்து சாமியைத் தொட்டீங்க. பதட்டத்துல வேஷம் மறந்துபோச்சு. உள்ள இருக்கிறது முனி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னா, உள்ள வச்சது நீங்க."

அத்தனை கண்களும் அர்ச்சுனனின் காலுக்குப் போயின. கறுப்பு ஷூ பீடத்தின் மேலேயே நின்றிருந்தது. கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அர்ச்சுனன் இரண்டு எட்டில் சைக்கிளுக்குத் தாவினார், ஏறி மிதித்தார், சைக்கிள் தடதடவென்று ஆடி ஒரு மரத்தில் சாய்ந்தது.

"காத்து எறங்கிப்போச்சு கிராணி சார்" என்றாள் பஞ்சாலை. "முனி கோவமோ என்னமோ." அவள் உள்ளங்கையில் இரண்டு வால்வுகள் இருந்தன.

ஆனாலும் மண்வெட்டியைத் தொட யாரும் வரவில்லை. கிராணி பொய் சொல்லியிருக்கலாம், முனி உண்மையாக இருந்துவிட்டால்? அந்தத் தயக்கத்தின் நடுவே மங்கம்மா எழுந்து வந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் மண்வெட்டியை வாங்கினாள்.

"முனியப்பா, தப்பா இருந்தா என்னைக் கேளு. எம் புருஷன விட்டுரு" என்று சொல்லிவிட்டு ஒரு வெட்டு வெட்டினாள். இரண்டாவது வெட்டுக்கு அவளை விடவில்லை. நாலைந்து ஆண்கள் வெட்கப்பட்டு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரு முழ ஆழத்தில் சாக்கு தெரிந்தது. சாக்குக்குள் ரப்பர் ஷீட்டுகள், ஒவ்வொன்றிலும் தோட்டத்து உருளை பதித்த முத்திரை. குழாயைச் சுற்றி நெருக்கமாக, அழகாக அடுக்கியிருந்தார்கள். ஓர் அரிசிமணிகூட இல்லை.

மீதிக்கதை ஜீப்பில் ஏறுவதற்குள் அர்ச்சுனன் வாயிலிருந்தே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜைக்கூடையில் மேலே பூ, அடியில் ஷீட். போலீஸ் தேடுவது அரிசியை, ரப்பர் தோட்டத்தில் ரப்பரை யார் தேடுவார்கள்? சாணி மெழுகல் புது மண்ணை மறைத்துவிடும். மம்பாவ் பக்கத்து லாரி ஒன்று அவ்வப்போது வந்து அள்ளிக்கொண்டு போகும். மாயாண்டி விடியலில் பீடத்தடியில் குனிந்ததைப் பார்த்துக் குலைநடுங்கிப்போய், அரிசி கடத்துகிறான் என்று ஆள் விட்டுச் சொன்னதும் அவர்தான்.

*

மறுநாள் மத்தியானம் மாயாண்டி வந்தான். தாடி மண்டிய முகம், கசங்கிய வேட்டி. கோலாலம்பூர் போக வேண்டிய ஃபைல் சிரம்பானிலேயே தூங்கிவிட்டது என்று ஹாஷிம் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதன் மேல் சாட்சிப்பொருளுக்குப் போடும் எக்ஸிபிட் நம்பர் எழுதியிருந்தது.

"உன் அரிசி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ."

மாயாண்டி பொட்டலத்தைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். ஷீட்டுகளை எடுத்துவிட்டு மண்ணை மூடியிருந்தார்கள். சிவப்புத் துணியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை.

"சார், வேண்டிக்கிட்டது பாக்கியிருக்கு."

"வேலிக்கு வெளியே அரிசி போட்டா மறுபடி அரெஸ்ட் பண்ணணும் லா" என்ற ஹாஷிம் சிகரெட்டைப் பற்றவைக்க முதுகைத் திருப்பிக்கொண்டார். காற்றே இல்லாத மத்தியானத்தில் அவருக்குத் தீக்குச்சி வெகுநேரம் பற்றவில்லை.

மாயாண்டி அரிசியைப் பீடத்தில் கொட்டினான். அதே நேரம் கணேசமூர்த்தி கம்பியைக் குழாய்க்குள் இறக்கினான். டக்... டக்... என்று விட்டுவிட்டுச் சோம்பலாக ஒரு சத்தம். முள் இடதுகோடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"கேட்டியா மங்கம்மா?" என்றான் மாயாண்டி. "முனி கோவம் அடங்கிருச்சு."

கணேசமூர்த்தி விளக்க வாயைத் திறந்தான். பஞ்சாலை அவன் காலை மிதித்தாள். அப்போதுதான் தான் வெறுங்காலோடு நிற்பது அவளுக்கே தெரிந்தது. இன்றைக்கு யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ஹாஷிம் புகையை ஊதிக்கொண்டு திரும்பினார். "எங்க, அரிசி ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். நொண்டிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருந்த செவலை, பீடத்தில் தலையைக் கவிழ்த்துக் கடைசி மணிவரை நக்கித் தின்றுகொண்டிருந்தது. தன் கால்வீக்கத்துக்கு நேர்ந்த படையலைத் தானே தின்று முடித்த அந்தக் காளையைப் பார்த்து மங்கம்மா சிரிக்கத் தொடங்கினாள். வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, சிரிப்பு நிற்கவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடவில்லை.